மங்கோலியா சார் சொல்லாமல் விட்ட ஊர்

வில்பிரட் சாருக்கு 'மங்கோலியா சார்' என்று பட்டப்பெயர் வைத்தது எந்த வருஷத்துப் பிள்ளைகளோ, அது யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி சேலையூர்ப் பக்கம் நடந்துகொண்டே யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்: "மங்கோலியா சார் வூடா? வாட்டர் டேங்க் தாண்டி பச்சை கேட்டு." மனுஷன் மங்கோலியாவுக்கும் போனதில்லை, ருஷ்யாவுக்கும் போனதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை டிசம்பர் மாதத்து டெல்லிக்குப் போய், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு, எப்படா ஊர் வந்து சேருவோம் என்று பல் கிட்டிக் கிடந்தவர். அவர்தான் முப்பத்திரண்டு வருஷம் வோல்கா நதி உறைந்த கதையைப் பிள்ளைகளுக்கு நடத்தினார்.

பாடப்புத்தகத்தில் அந்த விஷயத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தி வந்ததும் சார் புத்தகத்தை மூடி மேஜைமேல் கவிழ்த்துவிடுவார். பிள்ளைகளுக்குக் குஷி பிறந்துவிடும். எழுபத்தொன்பதில் எம்.ஏ. படித்தபோது அவர் எழுதிய ஆய்வேடே ருஷ்யாவில் மங்கோலியர் ஆட்சியைப் பற்றித்தான். மேற்கொண்டு பிஎச்.டி. செய் என்று பேராசிரியர் சொன்னார். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அந்தக் கதை எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், விடுங்கள். வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டார். ஆய்வேடு மட்டும் காலிகோ அட்டை போட்டுக்கொண்டு பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.

"பிள்ளைங்களா, செங்கிஸ்கானோட பேரன் ஒருத்தன். பேரு பாத்து. பேருதான் பாத்து, எதையும் பாத்து மிதிக்கிறவன் இல்ல" என்று ஆரம்பிப்பார். ஆயிரத்து இருநூற்று நாற்பதில் கீவ் நகரம் விழுந்தது. வோல்காவின் கீழ்க்கோடியில் சராய் என்று மங்கோலியர் ஒரு தலைநகரம் போட்டுக்கொண்டார்கள். ருஷ்யாவில் ஊருக்கு ஓர் இளவரசன். அப்பன் செத்து மகன் பட்டத்துக்கு வர வேண்டுமானாலும் சராய்க்குப் போய், கானின் காலடியில் விழுந்து, 'இந்த ஊருக்கு இவன் அதிகாரி' என்று ஒரு சீட்டு வாங்கி வர வேண்டும். போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. கப்பம் வசூலிக்கக் கானின் ஆட்களே வருவார்கள். அவர்கள் வந்துபோன ஊரில் தானியம் மிஞ்சாது, குதிரை மிஞ்சாது, கட்ட முடியாதவன் வீட்டில் பிள்ளைகூட மிஞ்சாது.

அப்புறம் சார் குரலைத் தாழ்த்துவார். காட்டுக்குள் ஒரு சின்ன ஊர், மாஸ்கோ. அதற்கு இவான் என்று ஓர் இளவரசன். கலீத்தா என்று பட்டப்பெயர். கலீத்தா என்றால் சுருக்குப்பை.

"அவன் சராய்க்குப் போனான். விழுந்தான். 'எசமான், நீங்க எதுக்கு அலையணும்? எல்லா ஊர்க் கப்பத்தையும் நானே வசூல் பண்ணிக் கொண்டாந்து வெச்சிடறேன்'னான். ஊரே அவன் மூஞ்சில காறித் துப்பிச்சு. ஆனா அதுக்கப்புறம் நாப்பது வருஷம் மங்கோலியன் குதிரை அந்தப் பக்கம் வரல. அவன் கை அழுக்காச்சு, ஊர் பொழைச்சுது!"

மணி அடிப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லி முடிப்பார். குனிந்து குனிந்தே மாஸ்கோ பெரிதானது. ஆயிரத்து நானூற்று எண்பதில் உக்ரா என்கிற ஆற்றங்கரையில் கானின் படையை எதிர்த்து நின்றது. கான் திரும்பிப் போனான். ஆனால் கான் போனாலும் கானின் பழக்கம் போகவில்லை. தலையை எண்ணி வரி போடுவதும், வழிநெடுக குதிரை மாற்றித் தபால் கொண்டுபோவதும் அப்படியே நின்றன. காசுக்கும் சுங்கச்சாவடிக்கும் ருஷ்யன் இன்றைக்கும் சொல்கிற சொல் அந்தக் குதிரைக்காரர்கள் விட்டுப்போனதுதான். "வந்தவன் எழுந்து போயிட்டான், அவன் படுத்த பாயை யாரும் சுருட்டல" என்பார் சார்.

இந்தக் கதையில் இன்னோர் ஊர் வர வேண்டும். ட்வேர் என்று பேர். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக்கு முன்னால் சாரிடம் படித்தவர்களுக்கு அந்த ஊர் தெரியும். பின்னால் படித்த ஒரு பிள்ளைக்கும் தெரியாது. சார் பெற்ற ஒரே மகள் ஜெரூஷாவுக்கும் தெரியாது.

ஜெரூஷாவும் இப்போது அதே பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். கல்யாணமாகி ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறாள். சாயங்காலம் பள்ளி விட்டதும் அப்பா வீட்டுக்கு வந்து ஒரு காபி, அம்மா ஜாஸ்மினோடு கால் மணி நேர வம்பு, பிறகு தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடை. பத்து வருஷமாக இதுதான் வழக்கம். சார் ரிட்டையர் ஆனபிறகு அவருக்கு நாள் என்பதே அந்த நாலரை மணிக்கு மேல்தான்.

ஒரு வியாழக்கிழமை கேட்டைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கோஆர்டினேட்டர் போஸ்ட் எனக்குத்தானாம். சின்னவர் கூப்பிட்டு சொன்னாரு. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? உங்கப்பா மாதிரி நீயும் ஹெச்செம் ஆகப்போற" என்றாள் ஜாஸ்மின்.

"ஒரு வேலைதான்மா எக்ஸ்ட்ரா. முன்னாடி ஏதோ நோட்டு இருந்துச்சாம் இல்ல, அது இப்ப போன்ல ஃபார்ம் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஸ்டாஃப்ல ஒருத்தர் பேராவது போட்டு, என்ன தப்புன்னு எழுதணும். வெத்தா விட்டா சப்மிட் ஆகாது."

சார் கையில் இருந்த டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

அந்த நோட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தின் பேர் நமக்கு வேண்டாம். அதன் கரஸ்பாண்டன்ட் லாசரஸ் என்று ஒருவர்; இப்போது அந்த நாற்காலியில் இருக்கிற சின்னவர் அவருடைய மகன்தான். கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிற மனுஷன். எண்பத்தேழில் லாசரஸ் ஐயா கொண்டுவந்த ஏற்பாடு அது: சிவப்பு பைண்டிங் போட்ட நீள நோட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு அது மாடியில் அவர் மேஜைக்குப் போக வேண்டும், அந்த வாரம் தப்பு செய்த ஆசிரியர் ஒருவரின் பேராவது அதில் இருக்க வேண்டும். வெறும் பக்கம் வரக்கூடாது. "ஒரு வாரம் ஒருத்தன்கூடத் தப்பு பண்ணலைன்னா, கண்காணிக்கிறவன் தூங்குறான்னு அர்த்தம்" என்பார். முதலில் அந்த நோட்டை வைத்திருந்த ஆள் நிஜத்தை எழுதினான். ஒரே வருஷத்தில் இரண்டு பேருக்குச் சீட்டு கிழிந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒருவரோடு ஒருவர் பேசவே பயந்தார்கள்.

அப்போதுதான் வில்பிரட் சார் மாடிக்குப் போய், "ஐயா, நான் எழுதறேன்" என்றார். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, இதைச் சத்தியம் பண்ணியே சொல்லலாம். கீழே வந்து ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிட்டு, "நான் எழுதினா குறைச்சு எழுதுவேன்" என்று மட்டும் சொன்னார். கணக்கு டீச்சர் ரத்தினபாய் மிஸ்தான் அதற்கு வழி கண்டுபிடித்தவள். சாக்பீஸ் டப்பாவில் எல்லார் பேரையும் எழுதிப் போட்டு, வாரத்துக்கு ஒரு சீட்டாகக் குலுக்கி எடுப்பது. யார் பேர் வருகிறதோ அவருக்கு ஒரு சில்லறைத் தப்பு. 'சாக்பீஸ் அதிகம் செலவழித்தார்.' 'வகுப்பில் கொட்டாவி விட்டார்.' ரத்தினபாய்க்கு எப்போதும் ஒரே தப்புதான்: 'ஊரப்பாக்கம் ரயில் தாமதம், எட்டு நிமிடம்.' சீட்டு வந்தவர் மற்றவர்களுக்கு வடை வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் வேறு. லாசரஸ் ஐயாவின் நோட்டு வாராவாரம் நிரம்பியது, ஒருத்தர் வேலையும் போகவில்லை.

பத்து வருஷம் இப்படி ஓடிற்று. பத்து வருஷத்தில் ஆளும் மாறிப்போனார், அதுதான் விஷயம். நோட்டு வைத்திருக்கிறவர் உள்ளே வந்தால் நாற்காலி தள்ளிப் போட்டார்கள். அவர் கிளாஸ் டைம்டேபிள் மட்டும் சௌகரியமாக அமைந்தது. லாசரஸ் ஐயா அவரை மட்டும் "உட்காருப்பா" என்றார். வில்பிரட் சாருக்கு அது பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது அவருக்கே தெரியவில்லை. உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிற குழம்பு மாதிரி, தினம் சாப்பிடுகிறவன் நாக்குக்குத் தெரியாது.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் லாசரஸ் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு வெள்ளிக்கிழமை போயிற்று, நோட்டை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஸ்டாஃப் ரூமில் ரத்தினபாய் எழுந்து நின்றாள்.

"சார், கேக்க ஆளில்லாதப்பவே இதைக் கிழிச்சுப் போட்டுடலாம். ஐயா நல்லபடியா திரும்பி வரட்டும், ஸ்தோத்திரம். வந்து கேட்டா எல்லாருமா சேர்ந்து நிப்போம். எழுத மாட்டோம்னு சொல்லுவோம். எத்தனை பேரைத்தான் அனுப்புவாரு?"

எல்லாரும் கை தட்டினார்கள். வில்பிரட் சாரும் தட்டினார். தட்டிக்கொண்டே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மே மாதம் ஹெட்மாஸ்டர் நாற்காலி காலியாகப் போகிறது. நோட்டு இல்லாவிட்டால் வில்பிரட் யார்? சரித்திர வாத்தியார் மூன்று பேரில் ஒருத்தர், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் நோட்டைத் திறந்து எழுதினார். ஆயா கிளியம்மாள்தான் வழக்கமாக அதை மாடிக்குக் கொண்டுபோகிறவள். கதவோரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா சார், பெரியவரு ஆஸ்பத்திரில கீறாரு, யாருக்கு சார் எழுதிக்கினு கீறே?"

சார் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு தானே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அதில் இருந்தது இரண்டே வரி. 'ஆர். ரத்தினபாய், கணிதம். பள்ளி விதிக்கு மாறாக வீட்டில் டியூஷன் எடுக்கிறார். சக ஆசிரியர்களைத் தூண்டிவிடுகிறார்.' டியூஷன் நிஜம்தான். அவள் புருஷனுக்குக் கிட்னி கெட்டு வைத்தியம் நடந்தது. அதை அவள் நம்பிச் சொன்னது ஒரே ஒருத்தரிடம்தான், அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. லாசரஸ் ஐயா கோணிப்போன வாயோடு, இடது கையால் பக்கத்தைப் பிடித்துப் படித்து, தலையை ஆட்டினார். திங்கட்கிழமை ரத்தினபாய்க்கு வேலை இல்லை. மே மாதம் வில்பிரட் சாருக்கு நாற்காலி கிடைத்தது.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்த நெஞ்சு சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறி அவள் வீட்டுக்கே போனார். போய்ச் சொன்னார்: "மிஸ், டியூஷன் எடுக்கிற பன்னண்டு பேரோட லிஸ்டை ஐயா கேட்டாரு. நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பேரோட நிறுத்தினேன். உங்க விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கு, உங்க பேரை அவரே சொல்லிட்டாரு." அந்த மகராசி அழுதுகொண்டே உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள். "பதினொரு குடும்பம் தப்பிச்சுதே சார், உங்களாலதானே" என்றாள். சார் அந்தக் காபியைக் குடித்தார். முழுசும் குடித்தார்.

அடுத்த வருஷம் அதே பாடம் வந்தபோது ட்வேரைத் தாண்டிக்கொண்டு போனார். அப்புறம் பழகிவிட்டது. லாசரஸ் ஐயா செத்த பிறகும் நோட்டை அவர் நிறுத்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பதினைந்து வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்து, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தன் மேஜைக்கே வரவழைத்துப் படித்தார். ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். போடவில்லை.

ஆக, அந்த வியாழக்கிழமை டம்ளர் ஏன் நின்றது என்று இப்போது புரிந்திருக்கும். மகளைத் தடுக்க வேண்டுமானால் ஒரே வழிதான். நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் ஜெரூஷாவுக்குக் கணக்கு எடுத்தது ரத்தினபாய் மிஸ்தான். அவள் போன அன்று சோறு தண்ணி இல்லாமல் அழுத பிள்ளை இது. சொன்னால் மகளின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். ஜெரூஷா முந்திக்கொண்டாள்.

"அப்பா, எனக்கே முதல்ல அந்த ஃபார்ம் பிடிக்கல. அடுத்தவங்களப் போட்டுக் கொடுக்கிற வேலையாச்சேன்னு இருந்துச்சு. நேத்து ரத்தினபாய் மிஸ்ஸைப் பாத்தேன், எங்க பக்கத்துத் தெருதானே. மிஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்கப்பா மட்டும் அந்த நோட்டைக் கையில வெச்சிருக்கலன்னா அன்னைக்குப் பன்னண்டு குடும்பம் தெருவுல நின்னிருக்கும். நல்லவங்க கையில இருந்தா நோட்டும் நல்லதுதான், நீ எடுத்துக்கோ'ன்னாங்க. என்கிட்ட இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையேப்பா?"

சார் மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம்... எதுக்கும்மா சொல்லிக்கிட்டு" என்றார்.

"பாத்தியாம்மா, பெருமையடிச்சுக்கவே தெரியல இவருக்கு!"

"மங்கோலியாவைப் பத்தி மட்டும் விடிய விடியப் பேசுவாரு" என்று ஜாஸ்மின் சிரித்தாள்.

சுற்றி வளைத்தாவது சொல்லலாம் என்று சனிக்கிழமை போனில் கூப்பிட்டு, "கலீத்தா செஞ்சது சரின்னு நினைக்கிறியாம்மா? சரித்திரக்காரங்க எல்லாரும் ஒத்துக்கல" என்று ஆரம்பித்தார். "சரிதாம்ப்பா. கை அழுக்காச்சு, ஊர் பொழைச்சுது. நீங்கதானே சொன்னீங்க" என்றாள் அவள். அவரே முப்பது வருஷம் தட்டில் போட்டு ஊட்டிய சோறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருந்தார்; பிரசங்கம் என்னவென்று கேட்டால் தெரியாது. திங்கட்கிழமை ஜெரூஷா சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்ல அதற்குப் பிறகும் மூன்று வாரம் இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினார். பிள்ளை நல்ல பிள்ளை, குறைத்துத்தான் எழுதுவாள், நமக்கு நேர்ந்தது அவளுக்கு நேராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற மனுஷன்தானே எப்போதும்.

மூன்றாவது சனிக்கிழமை பள்ளி அரை நாள். ஒரு மணிக்கே ஜெரூஷா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜாஸ்மின் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"சுப்ரஜாவுக்கு இன்னைக்கு மெமோ கொடுத்துட்டாங்கப்பா. திங்கக்கிழமை முதல் வர வேண்டாம்னு."

"யாரும்மா சுப்ரஜா?"

"தமிழ் மிஸ். அஸ்தினாபுரத்துல இருந்து வருவா. கைக்குழந்தைக்காரி. சின்னவர் பெங்களூர் போயிருந்தாரு, இந்த வாரம் ஃபார்ம் கிடையாதுன்னு மெசேஜ் வந்துச்சு. உடனே இவ ஸ்டாஃப் ரூம்ல எழுந்து நின்னு, 'இதோட விட்டுடலாம் அக்கா, இனிமே யாரும் யார் பேரையும் போட வேண்டாம்'னா. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. நான் சின்னவருக்குப் போன் பண்ணிட்டேன்."

"அவர் கேட்டாராம்மா?"

"இல்ல, நானாத்தான். நான் சொல்லலன்னா வேற யாராவது சொல்லி எல்லார்மேலயும் ஆக்ஷன் வந்திருக்கும் இல்ல? ஒருத்தரோட நின்னுது. கலீத்தா மாதிரிதானேப்பா?" என்றாள். கேட்டுவிட்டு அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருக்கிறாள்.

சார் எழுந்து போய் பீரோவின் அடித்தட்டில் கையை விட்டு ஆய்வேட்டை எடுத்துவந்தார். காலிகோ அட்டையைத் திறந்து, நான்காம் அத்தியாயத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். பதினாலு பக்கம்.

"ட்வேர்னு ஓர் ஊர். மாஸ்கோவை விடப் பெரிய ஊர் அப்ப. ஆயிரத்து முந்நூத்து இருபத்தேழுல கானோட ஆளுங்க அங்க தங்கி அட்டூழியம் பண்ணினாங்க. ஒரு கோயில் ஊழியர் தன் பெட்டைக்குதிரைக்குத் தண்ணி காட்ட ஓட்டிக்கிட்டுப் போனாரு. பிடுங்கிட்டாங்க. 'ஊர்க்காரங்களே, விடாதீங்க'ன்னு அவர் ஒரு சத்தம் போட்டாரு. அவ்வளவுதான், மணியடிச்சு ஊரே எழுந்திருச்சுது. முதமுதலா எதிர்த்து நின்ன ஊர்ல அதுவும் ஒண்ணு."

"அப்புறம்?"

"கலீத்தா சராய்க்கு ஓடினான். கானோட படையைக் கூட்டிக்கிட்டு வந்து ட்வேரைக் கொளுத்தினான். அதுக்குத்தான் பெரிய சீட்டு கிடைச்சுது அவனுக்கு. நாப்பது வருஷம் குதிரை வரலன்னு சொல்லுவேனே, எப்படி வரல? எதிர்க்கிற ஊர் ஒண்ணும் மிச்சமில்ல, அதான் வரல. கான் கூப்பிட்டுப் போனானா, தானாவே போனானான்னு சரித்திரக்காரங்களுக்குள்ள சண்டை உண்டு." சார் மூச்சு வாங்கினார். "என் விஷயத்துல அந்தச் சண்டை இல்லம்மா. என்னை யாரும் கூப்பிடல."

சொல்லிவிட்டார். டப்பாவில் சீட்டுக் குலுக்கியது முதல், கிளியம்மாள் கேட்டது, பஸ் பிடித்தது, பன்னிரண்டு பேர் என்று சொன்ன பொய், குடித்த காபி வரைக்கும்.  ஜெரூஷா ஆய்வேட்டை மூடி மேஜைமேல் வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"மூணு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றாள்.



அவள் எழுந்தாள். "நான் இன்னைக்கே அஸ்தினாபுரம் போகணும். சுப்ரஜாகிட்ட நான்தான் சொன்னேன்னு சொல்லணும். அப்புறம் சின்னவருக்கு எழுதணும். அவளுக்கு வேலை திரும்பிக் கிடைக்குமான்னு தெரியாது, எனக்கு இருக்குமான்னும் தெரியாது. அதுக்கு முன்னாடி ஊரப்பாக்கம். மிஸ்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ரயிலில் கூட்டமில்லை. அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பெருங்களத்தூர் போயிற்று, வண்டலூர் போயிற்று. ஒரு தடவை அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே வழியில் பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு போனது ஞாபகம் வந்தது. இப்போது மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வாசலில் நின்று அழைப்புமணியை அவள்தான் அழுத்தினாள். ரத்தினபாய் கதவைத் திறந்தாள். எழுபது வயசு, தடிக் கண்ணாடி, உள்ளே சுவரில் மாலை போட்ட புருஷன் படம். யாரென்று தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"அடேயப்பா, வில்பிரட் சாரா! ஜெரூ, நீ சொல்லவே இல்லையேடி. எத்தனை வருஷமாச்சு சார் நீங்க இந்தப் படி ஏறி. உக்காருங்க, உக்காருங்க. முதல்ல ஒரு காபி கலந்துட்டு வரேன்."

"காபி வேண்டாம் மிஸ்" என்றார் சார். நின்றுகொண்டே சொன்னார். "அன்னைக்குக் குடிச்சதே இன்னும் செரிக்கல. பன்னண்டு பேர் லிஸ்ட் யாரும் கேக்கல மிஸ். யாரும் எதுவும் கேக்கல. உங்க பேரை நானா எழுதினேன், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்."

ரத்தினபாய்க்கு முதலில் விளங்கவில்லை. ஜெரூஷாவைப் பார்த்தாள். ஜெரூஷா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாக விளங்கிற்று. பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதில் உட்காராமல், நின்றபடியே இருந்தாள்.

"தினம் ராத்திரி ஜெபத்துல உங்க பேரைச் சொல்லுவேனே சார்" என்றாள் கடைசியில். "எங்க வூட்டுக்காரர் பேருக்கு அடுத்ததா உங்க பேருதான். இருபத்தாறு வருஷமா. இன்னைக்கு ராத்திரி நான் என்ன சார் சொல்லட்டும்?"